ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழிகாட்டி வகுப்பில் ஒரு சாதனையாளரை மாணவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர், கோயம்புத்தூர்க்காரர். விளையாட்டு என்றால் கிரிக்கெட், கபடி இருக்க, கார்ப் பந்தயம் எதற்கு என்று கேட்பீர்கள். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலைப் பேருந்தில் ஏறினால் வழியில் வருவது இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. அதற்கு முன்பு பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில். ஆவடி, அம்பத்தூர் பிள்ளைகளுக்கு இரண்டுமே பக்கத்து ஊர்கள்தாம்.

நரேனைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் சொல்வது, 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் அவர் நான்காம் இடம் பெற்றதை. அதோடு நிறுத்திவிடுகிறோம். அன்று ஓடியவை ஆறு கார்கள் மட்டுமே. மிஷலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும், அந்தத் தளத்தின் சாய்வான வளைவை டயர்கள் தாங்காது என்ற அச்சத்தில், முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. மீதி ஆறில் ஃபெராரி அணியின் இருவர் முதல் இரண்டு இடங்கள். ஜோர்டான் அணியில் நரேனின் சக ஓட்டுநர் மான்டீரோ மூன்றாவது, நரேன் நான்காவது. ஐந்தாவதாக வந்தவர் நெதர்லாந்தின் ஆல்பர்ஸ். நரேனுக்குக் கிடைத்தவை ஐந்து புள்ளிகள். மொத்தம் 46 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய அவருக்கு அதன் பிறகு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை.

இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. சொன்னால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. அந்த ஆறில் ஒருவராக நிற்க அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பதல்லவா பாடம்?

அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். வீட்டிலேயே பந்தயம் இருந்தது, வசதியும் இருந்தது. இதை மறைத்து 'உழைத்தார், உயர்ந்தார்' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிறிய பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டியது அதைத்தான். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவைச் செட்டிப்பாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

பிறகு பிரான்ஸில் பயிற்சி, இங்கிலாந்தில் சிறு பந்தயங்கள், 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் பட்டம். 2001இல் ஜாகுவார் அணிக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். ஆனால் பந்தயத்தில் இடம் கிடைத்தது 2005இல்! இடையில் 2004க்கு மினார்டி அணியில் ஒரு வாய்ப்பு வந்தும், விளம்பரதாரர் பணம் திரளாததால் கைநழுவியது. திறமை தேறியும் பணம் தேறவில்லை.

என் பத்தாம் வகுப்பில் 'என்னவாக விரும்புகிறாய்' என்ற படிவத்தில் ஒரு மாணவன் 'ரேஸ் டிரைவர்' என்று எழுதியிருந்தான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். வகுப்பு சிரித்தது. 'முயன்றால் முடியும்' என்று நான் சொல்லியிருந்தால் அது பாதிப் பொய். 'உனக்கெல்லாம் நடக்காது' என்பது கொடுமை. இந்த வரலாற்றை முழுதாகச் சொன்னேன். அவன் நரேனை விட்டுவிட்டு, "கரிவர்தன் அந்த காரை எங்க வெச்சு செஞ்சாரு சார்?" என்று கேட்டான். அப்பாவின் பட்டறையை நினைத்திருப்பான் போல. ஐடிஐ, பாலிடெக்னிக் பற்றி அன்று அவனோடு பேச முடிந்தது.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வெளிவட்டச் சாலையில் இரவில் பைக் விரட்டும் பையன்களில் நம் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, ஆம்புலன்ஸ், கொடி காட்டுபவர் இவையெல்லாம் இருந்தால்தான் பந்தயம் தொடங்கும் என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னோமா?

நான் கணித ஆசிரியர். அதனால் ஒரு கணக்கு. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் சுற்றை முடிக்காதவர் பந்தயத்தில் ஓட முடியாது என்றொரு விதி. வேகமானவர் 90 விநாடி என்றால் எல்லை 96.3 விநாடி. 2011, 2012 இரு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவில் நரேனின் ஹெச்ஆர்டி கார் இந்த எல்லையைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றது. அதே 2011இல் டெல்லி அருகே நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் அவர் 17ஆம் இடம். பிறகு ஜப்பானுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார். 2019 நவம்பரில், 42 வயதில், ஃபுஜி தளத்தில் ஜப்பான், ஜெர்மனி கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் முதலிடம். அந்த வெற்றியைச் சுவரொட்டியில் யாரும் போடுவதில்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கு மாணவர்களை அழைத்துப் போக நினைப்பவர்கள் பந்தய நாளாகப் பார்த்துப் போங்கள். டயர் மாற்றுபவர், என்ஜின் பார்ப்பவர், நேரம் குறிப்பவர் எல்லாரையும் அன்றுதான் பார்க்க முடியும். முன்அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். காதுக்குப் பஞ்சு மறக்க வேண்டாம்.