தாதியின் கவனமும் புதிய இரசாயனமும்



ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும், எங்கள் பதுளைப் பகுதித் தேயிலைக்குத் தனியொரு மணம் ஏறுகின்றது. தொழிற்சாலையில் இலையின் பதத்தை மூக்கினால் அறியும் டீமேக்கர் அதனை உடனே உணர்வார். கொழும்பிலே தேயிலையைச் சுவைத்து விலை மதிப்போரும் உணர்வர். இரசாயன அறிஞர்கள் அம்மணத்தை ஆராய்ந்தபோது, அதிலே மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். மலையிலிருந்து இறங்கிவந்த பெண்கள் இரவிலே முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் வலித்தைலங்கள் பலவற்றின் மணமும் அப்பொருளின் மணமே. மூக்கு முதலில் அறிந்தது. கருவி பின்னர் பெயர் சொன்னது.

நோயாளரைப் பேணும் தொழிலிலும் இந்த முறையே நிகழ்ந்துவருகின்றது என்பதை எடுத்துக்கூறுவதே இன்று என் நோக்கம். நான் கலைப் பட்டதாரி, இரசாயனம் பயின்றவனல்லன். ஆயினும், தாதியாக விரும்பும் பிள்ளைகள் பலரைக் கண்ட ஓர் அதிபர் என்ற முறையிலே இதனைக் கூறத் துணிகின்றேன்.

நாம் உண்ட உணவு உடலினுள்ளே மாறி வலுவாகவும் தசையாகவும் கழிவாகவும் ஆகின்ற தொழிலை நம் பாடநூல்கள் அனுசேபம் என்று வழங்குகின்றன. அத்தொழிலிலே பங்குகொள்ளும் சர்க்கரை, அமினோவமிலம், கொழுப்பமிலம் முதலிய நுண்பொருள்கள் குருதியிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் கலந்துள்ளன. மூலக்கூறுகளை அவற்றின் திணிவு வேறுபாட்டால் பிரித்தறியும் கருவிகளைக் கொண்டு, அவற்றுள் நூற்றுக்கணக்கானவற்றை ஒருங்கே அளந்து, உடலின் நிலையை அறிய முயலும் துறைக்கு மெற்றபொலோமிக்ஸ் என்பது பெயர். 1971ஆம் ஆண்டிலேயே லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும், மனிதர் விடும் மூச்சிலே ஏறத்தாழ 250 பொருள்களைப் பிரித்துக் காட்டினர்.

பரம்பரையலகுகளை ஆராயும் துறைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று கேட்கலாம். தோட்டத்துச் செக்ரோலைப் பாருங்கள். யார் யார் வேலைக்கு வரக்கூடியவர் என்பதை அது சொல்லும். அன்றைக்கு மலையிலே என்ன நடந்தது என்பதை மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசே சொல்லும். பரம்பரையலகு செக்ரோல் போன்றது. அனுசேபப் பொருள்கள் அந்தி நிறுவை போன்றவை.

இத்துறையிலே ஒரு தாதிக்கு உரிய இடத்தைக் காட்டும் உண்மை வரலாறு ஒன்றுண்டு. ஸ்கொத்லாந்தின் பேர்த் நகரைச் சேர்ந்த ஜோய் மில்ன் என்னும் அம்மையார் தாதியாகப் பணியாற்றியவர். வைத்தியரான தம் கணவரின் உடல்மணம் மாறியதை அவர் கவனித்தார். பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, கணவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்கநோய் இருப்பது தெரிந்தது. அந்நோயாளர் கூடிய ஓரிடத்திலே அதே மணம் வீசக் கண்டபோது, அவர் அதனை மனப்பிரமை என்று தள்ளிவிடாமல் அறிஞரிடம் எடுத்துரைத்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் நோயாளர் அறுவரும் நோயற்றோர் அறுவரும் அணிந்த சட்டைகளை அவரிடம் கொடுத்துச் சோதித்தனர். நோயாளர் அறுவரையும் அவர் பிழையின்றிச் சொன்னார். நோயற்றோருள் ஒருவரையும் நோயாளர் என்றார். அந்த ஒருவருக்கும் சில மாதங்களில் அந்நோய் உண்டென்று வைத்தியர்கள் உறுதிசெய்தனர். பின்னர் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் நோயாளரின் தோலில் ஊறும் எண்ணெயை ஆராய்ந்து, அதிலுள்ள சில பொருள்களின் அளவு மாறியிருப்பதை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இன்று தாதியர் ஆராய்ச்சியாளர் இம்முறையைக் களைப்பு, வலி, உறக்கமின்மை முதலிய துன்பங்களை ஆராய்வதற்குப் பயன்படுத்த முற்பட்டுள்ளனர். இவை புண்ணைப்போலக் கண்ணுக்குத் தெரிவன அல்ல. நோயாளர் சொன்னாலன்றி விளங்குவன அல்ல. ஆகவேதான் இவை எளிதில் அவமதிக்கப்படுகின்றன.

என் அநுபவம் ஒன்றைச் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலைக்கு ஒழுங்காக வராத மாணவி ஒருத்தியின் தாயை அழைத்துக் காரணம் வினவினேன். "உடம்புக்கு ஏலாதுங்க ஐயா. பிரட்டுக்குப் போறதே பெரும்பாடு. புள்ளதான் வீட்டு வேலையப் பாக்குது" என்றார். நிறை குறைந்த நாள்களில் தமக்கு அரைப்பேரே கிடைத்ததென்றும், சோம்பேறி என்று ஏச்சுக் கேட்க நேர்ந்ததென்றும் கூறினார். நானும் அவர் சொல்லை நம்பவில்லை, கண்டித்தே அனுப்பினேன். பின்னர் லயத்துக்கு வந்த மருத்துவமாது ஒருவர், அவருடைய கீழிமையைத் தாழ்த்திப் பார்த்து, வெளுத்திருக்கக் கண்டு, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடுமையான இரத்தச்சோகை இருப்பது தெரிந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட நாணம் இன்னும் நீங்கவில்லை.

இரும்புச்சத்துக் குறைவினால் உழைப்பு குன்றும் என்பது நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே ஆராய்ந்து காட்டப்பட்ட உண்மையாகும். 1979ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான அவ்வாய்வின்படி, இரும்புச்சத்து ஊட்டப்பட்டு ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலான கொழுந்து பறித்தனர். சோகை மிகுந்திருந்தோரிடமே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. சோம்பல் என்று சொல்லப்பட்டது குருதியின் குறைவே என்பதை ஓர் எளிய அளவை காட்டிவிட்டது. எளிய அளவைகளுக்கு எட்டாத களைப்பும் வலியும் பலவுண்டு. அவற்றையும் ஒருநாள் அளந்தறியலாம் என்பதே புதிய துறை தரும் நம்பிக்கை.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, உணவு, மருந்து, உழைப்பு, உறக்கம், நேரம் ஆகிய யாவும் இந்நுண்பொருள்களை மாற்றிவிடும். மாதிரி எடுக்கும்போது நோயாளர் வெறுவயிற்றில் இருந்தாரா, தேநீர் அருந்தினாரா, மலையேறி வந்தாரா என்று கேட்டு எழுதும் தாதியின் குறிப்பு பிழைத்தால், விலையுயர்ந்த கருவியின் விடையும் பிழைக்கும். இரண்டாவது, கருவி ஒன்றும் காணவில்லை என்பதனால் துன்பம் இல்லையென்று ஆகிவிடாது. தொழிலாளியின் சொல்லைப் பொய்யென்று தள்ளுவதற்கு இன்னொரு தராசாக இவ்வறிவு பயன்படுமாயின், அதனால் நமக்கு நன்மையில்லை. ஜோய் மில்ன் கண்டதைக் கருவி அறிந்தது, அவர் சொல்லை ஒருவர் மதித்துக் கேட்டமையாலன்றோ?

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பதுளையிலே தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கின்றது. ஆனால் விஞ்ஞானம் பயிலாத பிள்ளைக்கு அதன் வாயில் எளிதில் திறவாது. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றிலே தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் குறைவு என்பதையும் அறிவேன்; அக்குறையைத் தீர்க்கும்படி உரியவர்களைக் கேட்பது நம் கடமை. "ஏலாது" என்று ஒரு தாய் சொல்லும்போது, அச்சொல்லின் பொருளை அவளுடைய மொழியிலேயே உணர்ந்து, கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து, பிழையறக் குறித்துவைக்கும் தாதியொருத்தி நம் லயங்களிலிருந்தே புறப்பட வேண்டும். எத்துணை நுட்பமான கருவி வந்தாலும், அதற்கு முன்னர் அவள் அங்கே நிற்க வேண்டும்.