தர்பூசணித் தோலில் ஒரு முறப்பா



கோடை வந்துவிட்டால் திண்டிவனம், மரக்காணம் பக்கம் சாலையோரமெல்லாம் கீற்றுப் பந்தல்தான். பந்தல் நிழலில் தர்பூசணி மலைபோல் குவிந்து கிடக்கும். ஆளுக்கொரு பழம் வாங்கி வருகிறோம். சிவப்புச் சதை வயிற்றுக்குள் போகிறது. பச்சைத் தோலும் அதை ஒட்டிய வெள்ளைச் சதையும் குப்பைத் தொட்டிக்கோ மாட்டுக்கோ போகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கிய எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தோல்தான். அதிலுள்ள வெள்ளைச் சதையைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து முறப்பா செய்வது எப்படி என்று இன்று பேசலாம் என நினைக்கிறேன்.

வீணாகிறதே என்ற எண்ணத்தோடு இதைச் செய்யத் தொடங்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். மிச்சத்தைத் தீர்க்கும் அவசரம் கைக்கு வந்துவிட்டால் இந்தப் பண்டம் தேறாது. அந்த வெள்ளைச் சதை ஒரு நல்ல காய். வெள்ளரியும் சுரையும் நீற்றுப்பூசணியும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். மங்களூர், உடுப்பிப் பக்கத்து வீடுகளில் இதை அரிசியோடு அரைத்து தோசை வார்க்கிறார்கள். ராஜஸ்தானில் மசாலா போட்டுக் கறி சமைக்கிறார்கள்.

இனிப்பாகச் செய்யும் வழக்கமும் பழையது. அமெரிக்காவில் 1796இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்த நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்வார்கள். அதில் தர்பூசணித் தோலுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது: அதிகம் பழுக்காத பழமாக எடுத்து, தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் மெல்லிய தீயில் நான்கு மணி நேரம் காய்ச்சச் சொல்கிறார். கிரேக்க நாட்டில் இதை விருந்தாளிக்கு வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவருக்குச் சின்னத் தட்டில் ஒரே ஒரு கரண்டி பழப்பாகு, பக்கத்தில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர். அவ்வளவுதான் உபசாரம். அந்த அளவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இது கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடும் பண்டம் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த ஒரு கரண்டியையும் தவிர்ப்பதே நல்லது.

நம் பக்கத்திலும் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. ஆக்ராவின் பேட்டா, நீற்றுப்பூசணியில் செய்வது. இலங்கையில் அதே நீற்றுப்பூசணியைப் பாகில் போட்டுச் செய்வதைச் சிங்களத்தில் 'புஹுல் தோசி' என்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேக்கிலும் 'லவ் கேக்' எனப்படும் ரவை கேக்கிலும் அதைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். அவர்கள் நீற்றுப்பூசணிக்குச் செய்யும் பக்குவத்தை நாம் தர்பூசணியின் தோலுக்குச் செய்யப் போகிறோம்.

பழத்தை வெட்டுவதற்கு முன்பே மேல்தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மண்ணில் கிடந்து, லாரியில் வந்த பழம் அது. கழுவாமல் வெட்டினால் மேலே உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். கடித்துத் தின்ற துண்டின் தோல் இதற்கு ஆகாது. சாப்பிடுவதற்கு முன்பே சிவப்பைத் தனியாக அரிந்து எடுத்துவிட வேண்டும். தோல் தடித்த பழம் கிடைத்தால் நல்லது. பல ரகங்களில் தோலைத் தடிப்பாக வளர்த்தெடுத்ததே, தொலைதூரம் ஏற்றிப் போகும்போது வெடிக்காமல் இருக்கத்தான். அந்தத் தடிப்பு நமக்கு வசதி. மேல் பச்சையைச் சீவி எறிந்துவிட்டு, வெள்ளையை விரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கினால் ஒரு கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிற வெள்ளைச் சுண்ணாம்புதான். கொட்டைப்பாக்கு அளவு எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், மற்றது அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுத்து, துண்டுகளை மூன்று நான்கு மணி நேரம் அதில் ஊறவிடுங்கள். காயின் சுவர்களில் இருக்கும் பெக்டின் என்ற பொருளோடு சுண்ணாம்பிலுள்ள கால்சியம் சேர்ந்து இறுகிக்கொள்கிறது. அதனால்தான் பேட்டா எவ்வளவு கொதித்தாலும் குழைவதில்லை, கடித்தால் மொறுக்கென்கிறது. ஊறிய பிறகு நான்கைந்து முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது. சுண்ணாம்பு மிச்சம் நின்றால் நாக்கு பொத்துவிடும். பின்னால் நாம் பிழியப்போகும் எலுமிச்சையின் புளிப்பையும் அது தின்றுவிடும்.

அலசிய துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை வேக வேண்டும். வேகாத காய்க்குள் சர்க்கரை நுழையாது, அதற்காகத்தான் இந்த வேக்காடு.

இனிப் பாகு. பலருக்கு முறப்பா கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ சர்க்கரை. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் கெட்டிப் பாகில் துண்டுகளைப் போட்டால், அந்தப் பாகு காயிலிருக்கும் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிவிடும். சர்க்கரை உள்ளே போவதற்குள் தண்ணீர் வெளியே வந்துவிடுவதால் துண்டு சுருங்கித் தோலாகிவிடுகிறது. ஆகவே முதல் நாள் பாதிச் சர்க்கரையை முக்கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, துண்டுகளைப் போட்டுப் பத்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் கால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து மீண்டும் ஓர் இரவு. மூன்றாம் நாள் மீதியைப் போடுங்கள். இரண்டு எலுமிச்சம்பழச் சாறும், மெல்லியதாக அரிந்த ஒரு துண்டு இஞ்சியும் அப்போதுதான் சேர வேண்டும்.

எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. சர்க்கரையின் ஒரு பகுதியை அது உடைத்துவிடுவதால் பாகு பிறகு கற்கண்டாக உறையாது. தர்பூசணியில் இயற்கையாகவே புளிப்பு மிகக் குறைவு என்பதால், கிருமி அண்டாமல் காப்பதற்கும் எலுமிச்சை வேண்டியிருக்கிறது. இஞ்சியை நான் வற்புறுத்துவேன். இந்தக் காய்க்குச் சொந்த மணம் அதிகம் இல்லை. இஞ்சியின் காரம் உள்ளே இறங்கினால்தான் பண்டத்துக்கு ஒரு முகம் வரும். எசன்ஸும் கலர்ப் பொடியும் வேண்டாம். பேக்கரி டூட்டி ஃப்ரூட்டியின் சிவப்பும் பச்சையும் இதற்குத் தேவையில்லை. வெளிறிய பொன்னிறமே போதுமான அழகு.

பாகு ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணையுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி செல்சியஸ். அந்த நிலையில் பாகில் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சர்க்கரைதான். பெரும்பாலான கிருமிகள் அதில் தழைக்க முடியாது. உதகை, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் தண்ணீரே 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுமாதலால் அங்கே எண்ணை நம்பாமல் கம்பியை நம்புங்கள். கொதிநீரில் போட்டெடுத்து ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் சூட்டோடு நிரப்பி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எப்போதும் உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

தயிர்சாதம் சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு. பொடியாக நறுக்கி கேக் மாவிலும் போடலாம். துண்டுகள் தீர்ந்த பிறகும் பாகு மிஞ்சும். இஞ்சியும் எலுமிச்சையும் ஊறிய பாகு அது. ஒரு குவளை பானைத் தண்ணீரில் இரண்டு கரண்டி கலந்து, மேலே இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் அருமையான சர்பத்.