அழுதேனா, கொடுத்தேனா?

(தலைப்பு: கொடுக்கும்போது பெரிதாக நிற்பது தொகையே! சொல்லே! — ‘சொல்லே’ என்ற அணியில் பேசியது.)



பணம் கொடுப்பதற்கு நம்மிடம் எத்தனை வினைச்சொல் இருக்கிறது, பாருங்கள் ஐயா! கோயில் உண்டியலில் ‘போடுகிறோம்’. கல்யாண வீட்டில் ‘எழுதுகிறோம்’. பள்ளிக்கூடத்தில் ‘கட்டுகிறோம்’. பள்ளிக்கூடத்தைக் கட்டினவருக்கு ஒரு தடவைதான் செலவு, ஃபீஸ் கட்டுகிறவருக்கு வருஷா வருஷம்! (சிரிப்பு) நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் ‘பங்கு போடுகிறோம்’. காரியம் ஆக வேண்டிய இடத்தில் ‘கவனிக்கிறோம்’. கொஞ்சம் முரட்டு ஆளாக இருந்தால், “துட்டை வெட்டுடா” என்கிறான். இப்போ செல்போன் வந்த பிறகு ‘ஜிபே பண்ணுகிறோம்’. வட்டிக்காரருக்கு? ‘அழுகிறோம்’! நோட்டு அதே நோட்டுத்தான். அதில் காந்தி அதே சிரிப்புத்தான் சிரிக்கிறார். நாமதான் ஒரு இடத்தில் போடுறோம், ஒரு இடத்தில் அழறோம். (கைதட்டல்)

இந்தத் துட்டு யாருடையது தெரியுமா? 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தானே டச்சுக்காரன், அவனுடைய செப்புக் காசின் பெயர் டொய்ட். அவனும் போய்விட்டான், காசும் போய்விட்டது. சொல் மட்டும் நம்ம சட்டைப் பையிலே கிடக்கிறது. காசு செல்லாமல் போகும், நடுவர் அவர்களே, சொல் செல்லும்!

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், பொருள் கேட்கிற சொல்லுக்கே இலக்கணம் வைத்தார். தாழ்ந்த நிலையில் நிற்பவன் கேட்டால் ‘ஈ’. சமமானவன் கேட்டால் ‘தா’. உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. எவ்வளவு கேட்டான் என்று அவர் விசாரிக்கவே இல்லை. யார் எந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லிலேயே பிடித்துவிட்டார். (இன்றைக்கு ‘ஈ’ என்றால் பிள்ளைகள் மிட்டாய்க் கடையைப் பார்க்கிறார்கள்.)

புறநானூற்றில் 163ஆவது பாட்டு. பெருஞ்சித்திரனார் வறுமையில் கிடந்தவர். குமணனிடம் பரிசு வாங்கி வீட்டுக்கு வருகிறார். வந்து மனைவியிடம் என்ன சொன்னார்? ‘பத்திரமா வை’ என்றா? இல்லை. உன்னிடம் அன்பாக இருப்பவர்களுக்கு, உன் சுற்றத்துக்கு, பசிக்குக் கைமாற்று தந்தவர்களுக்கு, இன்னாருக்கு என்று பாராமல், என்னைக் கேட்காமல், எல்லோருக்கும் கொடு என்கிறார். ‘கொடு’! நேற்றுவரை ‘ஈ’ என்று கேட்கும் நிலையில் இருந்தவர், ஒரே சொல்லில் எங்கே ஏறிவிட்டார் பாருங்கள்.

எதிரணி அம்மையார், “மொய் வெறும் கொடுக்கல் வாங்கல், அதில் சொல்லுக்கு என்ன வேலை?” என்றார்கள். கொடுக்கல் வாங்கல்தான், மறுக்கவில்லை. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே கறாராகப் பிரித்துவிட்டார். இல்லாதவனுக்குக் கொடுத்தால்தான் ஈகை. மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’. அளந்து வாங்கி, அதே அளவு திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்குவோமே, அது. நம்ம மொய் நோட்டு அசல் குறியெதிர்ப்பை!

ஆனால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் போய்ப் பாருங்கள். மொய் விருந்து. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுகிறார்கள். வருகிற பணத்தில் கடனை அடைப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். மற்றவர்கள் முறை வரும்போது இவர் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊர் சும்மா விடாது. இதே தொகையைத் தண்டல்காரரிடம் வாங்கினால் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கொல்லைப் பக்கம் ஓடுகிறோம். மொய்யாக வாங்கினால் வாசலில் நின்று கும்பிட்டு, “வாங்க மாமா, சாப்பிட்டுப் போங்க” என்கிறோம். ரெண்டும் திருப்பித் தர வேண்டிய பணம்தானே அம்மா? ஒரு சம்சாரி தலை நிமிர்ந்து நிற்பதற்குக் ‘கடன்’ என்ற சொல்லை எடுத்து ‘மொய்’ என்ற சொல்லை வைத்தால் போதுமாக இருந்திருக்கிறது. (கைதட்டல்)

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒரு கேள்வி போட்டார். “மருந்துக் கடையில போய் நாலு நல்ல சொல் சொன்னா மாத்திரை தருவானா?” தரமாட்டான் ஐயா. ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனை மருந்துக் கடை. எனக்கு முன்னால் நாற்பது வயசுக்காரர் ஒருவர், பக்கத்தில் அவருடைய அப்பா. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, முட்டிவலிக்கு என்று ஒரு மாத மருந்து. பில் 2,340 ரூபாய். மகன் முழுசாக எண்ணி வைத்தார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. வைத்துவிட்டுக் கடைக்காரரிடம், “மாசாமாசம் இவருக்கே இவ்வளவு அழ வேண்டியிருக்கு சார்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, என்ன அலுப்போ, வந்துவிட்டது. செல்போனில் யாரோ கூப்பிட்டார்கள், வெளியே போனார்.

பெரியவர் பையைத் திறந்தார். முட்டிவலி மாத்திரை அட்டையை எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தார். “தம்பி, இது வேண்டாம். இப்போ வலி பரவாயில்லை. பணத்தை அவன்கிட்டயே குடுத்துடுங்க.” சொல்லிவிட்டுப் படியிறங்கக் கைப்பிடியைத் தேடுகிறார்.

(அரங்கில் அமைதி)

நடுவர் மணிக்குக் கை நீட்டுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். தொகை முழுசாக வந்தது, மருந்து முழுசாகப் போகவில்லை. கடைக்காரர் 410 ரூபாயை எண்ணி மகனிடம் திருப்பிக் கொடுத்தார். எதிரணி நண்பர் வங்கிக்காரர்தானே? அந்த 410 ரூபாயை எந்தக் கணக்கில் வரவு வைப்பீர்கள் ஐயா?