கால் மரத்தால் காலம் தாழ்த்தாதீர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரைவிட்டு வெகுதொலைவு வந்து வாழும் நம் இல்லங்களில் முதியவர் ஒருவர், "கால் மரத்துப் போகிறது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது" என்று கூறினால், "வடநாட்டுக் குளிர், வயதும் ஆகிவிட்டது" என்று சமாதானம் சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தச் சமாதானம் சில வேளைகளில் பெருந்தீங்காய் முடிகிறது.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்புக்கும் மயலின் என்னும் உறை உண்டு. அவ்வுறை கெடாதிருக்க வைட்டமின் பி12 இன்றியமையாதது. நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஆயினும் அதனை உண்டாக்க வல்லவை நுண்ணுயிர்களே, செடிகொடிகளால் இயலாது. இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றின் வாயிலாகவே அது நமக்குக் கிடைக்கிறது. எனவே மரக்கறி உணவினருக்குப் பாலும் தயிருமே துணை. அவையும் குறைந்தால், ஈரலிலுள்ள சேமிப்பு சில ஆண்டுகளில் கரைந்துவிடும். முதுமையில் இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்பவர்களுக்கும் உண்ட சத்தும் சரிவர உடலிற் சேராமற் போகலாம்.

முதலில் பாதங்களில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பின்னர் இருட்டில் தள்ளாட்டம், மறதி. சோகை இல்லையே என்று வாளாவிருத்தலும் பிழை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் உண்டால் சோகை மறையும். நரம்பின் கேடோ உள்ளே வளரும்.

1926இல் மைனட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள், ஆளைக் கொல்லும் சோகையை ஈரல் உணவாலேயே தணித்துக் காட்டினர். 1934இல் விப்பிளுடன் நோபெல் பரிசு பெற்றனர். ஈரலுள் மறைந்திருந்த அந்தப் பொருள், பி12, 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. அன்று பச்சை ஈரலை விழுங்கித் தீர்த்த குறையை, இன்று ஊசியாலோ மாத்திரையாலோ எளிதில் நிரப்பலாம்.

ஆனால் காலம் முக்கியம். தொடக்கத்திலே கண்டால் நரம்பு பெரும்பாலும் தேறும். நாட்பட்டால் கேடு நிலைத்துவிடும். நீரிழிவாலும் கால் மரக்கும் என்பதனால், காரணத்தை நாமே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிப்பதே அறிவுடைமை.

இன்றிரவு வீடு சென்றதும் பெரியவர்களை ஒன்று கேளுங்கள்: "செருப்பு காலைவிட்டுக் கழன்றால் உங்களுக்குத் தெரிகிறதா?" தெரியவில்லை என்றால், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதுவே என் வேண்டுகோள்.