பொழுதும் பணியும்



பத்தாண்டுகளாக இவ்விலக்கிய வட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலேயே கூடி வந்துள்ளது. ஏனைய நாள்களில் கூடுவதற்கு உறுப்பினர்க்குப் பொழுதில்லை. எழுத்தர், வங்கி ஊழியர், ஆசிரியர், பொறியாளர் எனப் பல பணிகளில் இருப்போர், அலுவலகம் விட்டுவைத்த மிச்சப் பொழுதில்தான் கவிதை எழுதுகின்றனர். பிறர் கவிதையைக் கேட்கின்றனர். ஆதலின், அலுவலக நேரம் என்னும் ஏற்பாடு இன்றும் பொருளுடையதுதானா என்னும் வினா இலக்கியத்திற்குப் புறம்பானதன்று. கவிதைக்கு எவ்வளவு பொழுது, அப்பொழுது யாருக்கு வாய்க்கிறது என்பவையே அவ்வினாவின் உட்பொருள்.

விடை காணுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். 'வேலை நேரம்' என்னும் தொடர் இரு பொருள் தருவது. எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடிப்பது என்பது ஒன்று. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்பது மற்றொன்று. முன்னது பணியின் நிலை. பின்னது பணியின் எல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு மக்களால் உண்டாக்கப்பட்டவை. ஒன்றன் தேவை குறைந்தமையால் மற்றதன் தேவையும் குறைந்தது எனக் கொள்வதே இன்றைய குழப்பத்திற்கு வேர்.

தமிழர் பொழுதைப் பகுத்த முறை பழமையானது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், நெய்தலுக்கு எற்பாடு எனத் தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதைப் பொருத்தியது. நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். பரதவர் காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கடல்மேற் சென்றனர். உழவர் மழையையும் ஆற்று நீரையும் நோக்கி வயலில் இறங்கினர். பணி எப்போது வந்ததோ அப்போதே பொழுது தொடங்கியது.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று புனைந்துரைத்தல் பொருந்தாது. அப்பொழுதுக்குக் கடிகாரம் இல்லை, எல்லையும் இல்லை. தஞ்சைத் தரணியில் பண்ணையாள்கள் விடியுமுன் வயலுக்குள் இறங்கினர். பொழுது சாய்ந்த பின்னரே கரையேறினர். அவர்களுக்கென ஒரு சட்டம் வருவதற்கு 1952ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணி பார்த்து வேலை வாங்குவது கொடுமை என்போர், மணியே பாராமல் வேலை வாங்கிய காலத்தையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

பொது மணி என்பது பின்னர் வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகத்தின் கணிப்பே சென்னை நேரத்திற்கு அடிப்படையாயிற்று. இருப்புப்பாதை பரவியபோது, ஊருக்கொரு நேரம் என்பது வண்டி ஓடுவதற்கு இடையூறாகவே, சென்னை நேரமே இந்தியாவின் இருப்புப்பாதைகளுக்கு உரிய நேரமாகப் பயன்பட்டது. இந்தியப் பொது நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது. அலுவலகங்களுக்கும் பொது மணி இன்றியமையாததாயிற்று. கோப்பு ஒரே பேழையில் இருந்தது. பதிவேடு ஒரே மேசைமேல் கிடந்தது. ஒப்பமிடும் அதிகாரி ஒரே அறையில் அமர்ந்தார். ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் ஒப்பமிட வேண்டுமாயின் மூவரும் ஒரே வேளையில் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். பணியின் நிலை தோன்றிய காரணம் இவ்வளவே. தாளும் மேசையும் விதித்த ஒழுங்கு அது.

பணியின் எல்லை தோன்றிய வரலாறு முற்றிலும் வேறு. அது ஆலைச் சங்கின் வரலாறு. நெசவாலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்திற்கு நாளொன்றுக்கு 12 மணி என முதன்முதலாக வரம்பு கட்டியது 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். 1922இல் வாரத்திற்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என அவ்வெல்லை படிப்படியாகச் சுருங்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. வாரத்தில் 60 மணி 48 ஆவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வெல்லை ஆள்வோரின் அருட்கொடையன்று. சென்னையில் 1918இல் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த முறையீடுகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. உண்பதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாக வேண்டும் என்று கேட்பதற்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது. அச்சங்கத்திற்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் திரு.வி.க. தமிழாசிரியப் பணியை விட்டு இதழாசிரியராகியிருந்த அவர், தமிழ் உரைநடையை மேடைக்கும் ஆலை வாயிலுக்கும் கொண்டு சென்றவர். 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் மே நாள் கூட்டத்தை நடத்தினார் சிங்காரவேலர். ஆதலின் எட்டு மணி நேர வேலை என்னும் கோரிக்கையின் வரலாறு, தமிழ் எழுத்தின் வரலாற்றோடும் பின்னிக் கிடப்பது.

இன்றைய நிலையை நோக்குவோம் எனின், பணியின் நிலைக்கு அடிப்படையாயிருந்த காரணங்கள் பல தளர்ந்துவிட்டமை புலனாகும். கோப்பு பேழையை விட்டுக் கணினிக்குள் சென்றுவிட்டது. ஒப்பமும் மின்வழி இடப்படுகிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இலட்சக்கணக்கானோர் இல்லத்திலிருந்தே அலுவலகப் பணி செய்தனர். அலுவலகம் என்பது ஓர் இடமாக இருந்தாக வேண்டியதில்லை என்பது அப்போது மெய்ப்பிக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களிலோ மணியே இடம் மாறிவிட்டது. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணியாகும்போது சென்னையில் இரவு 7.30. அங்கு ஒருவர் நாளைத் தொடங்க, இங்கு ஒருவர் உறக்கத்தைத் தள்ளிவைக்கிறார்.

எனினும் எல்லாப் பணிக்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தாது. மருத்துவமனை, பள்ளி, நியாயவிலைக் கடை, வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் கதவு எப்போது திறந்திருக்கும் என்பது பொதுமக்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து, தொலைவிலிருந்து பேருந்தேறிச் சான்றிதழ் கேட்டு வரும் முதியவருக்கு, அலுவலர் தமக்கு வாய்ப்பான நேரத்தில் வருவார் என்று கூறுவது அறமாகாது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் காலை 10 மணி முதல் மாலை 5.45 மணி வரை என்னும் ஒழுங்கு, ஊழியருக்கான கட்டு மட்டுமன்று. மக்களுக்குத் தந்த வாக்குறுதியுமாகும். மக்களை நேரிற் காணும் பணிக்கு நிலை வேண்டும். தனித்திருந்து செய்யும் பணிக்கு அது தளரலாம்.

தளரக் கூடாதது எல்லை. நெகிழ்ச்சி என்னும் இனிய சொல்லின் பின்னால் எல்லையின்மை நுழைவதே இக்காலத்தின் இடர். அலுவலகம் முன்பு பூட்டப்பட்டது. இன்று அது சட்டைப்பையில் அலைபேசியாய் உடன் வருகிறது. உணவு கொண்டு செல்லும் இளைஞருக்குத் தொடங்கும் மணியும் இல்லை, முடியும் மணியும் இல்லை. விரும்பிய நேரத்தில் உழைக்கலாம் என்னும் உரிமை, குடும்பம் நடத்தப் போதிய வருவாய் சேரும் வரை உழைத்தாக வேண்டும் என்னும் கட்டாயமாய் முடிகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவகுக்கும் திருத்த முன்வடிவு நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தமையால், அது திரும்பப் பெறப்பட்டதாக மே நாளன்றே அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் நடத்தி அன்றோடு நூறாண்டு நிறைந்திருந்தது. நூறாண்டுக்குப் பின்னும் அதே 12 என்னும் எண் திரும்பி வந்தது கருதத்தக்கது.

எல்லை மீறினால் உடல் தாங்காது என்பதற்குச் சான்று உண்டு. உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என்றது. பிரான்சு நாட்டில் 2017 முதல், பணி நேரத்திற்குப் பின் மின்னஞ்சலையும் அழைப்பையும் விட்டு விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. ஐசுலாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2500 ஊழியர்க்கு ஊதியம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தனர். பெரும்பாலான இடங்களில் பணியின் பயன் குன்றவில்லை. எல்லையை மேலும் சுருக்குதல் கனவன்று என்பதற்கு இது போதும்.

இனி, இவ்வேற்பாட்டினுள் மறைந்து கிடக்கும் ஒரு கருத்தையும் வெளிக்கொணர்தல் கடன். காலை பத்து மணிக்கு ஒருவர் மேசைமுன் அமர்கிறார் எனின், அவருக்கு உணவு சமைத்தவர், துணி துவைத்தவர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியவர் வேறொருவர் என்பது சொல்லப்படாத எடுகோள். அந்த வேறொருவரே அலுவலகம் செல்லும்போது எடுகோள் சிதைகிறது. ஏற்பாடு மட்டும் மாறாது நிற்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை ஓடும் மின்தொடர் வண்டியின் பெண்கள் பெட்டியில் மாலையில் ஏறிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். வண்டியிலேயே கீரை ஆய்பவர் உண்டு. அவரைக்காய் நறுக்குபவரும் உண்டு. அலுவலகம் முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை.

நடுவண் அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதனை எண்ணால் உரைக்கிறது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோருள் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 2019இல் 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்னும் பழைய முழக்கத்தின் நடுப்பங்கு பெண்ணின் வீட்டில் அடுப்பங்கரையில் கரைந்துவிடுகிறது.

கவிஞர் அவையில் இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழின் நவீன இலக்கியம் பெரும்பாலும் பணியில் இருந்தோர் படைத்த இலக்கியம். தி. ஜானகிராமன் வானொலியில் பணிபுரிந்தார். கல்யாண்ஜி வங்கியில் பணிபுரிந்தார். பணி முடிந்தபின் பொழுது மிஞ்சியது. அப்பொழுதில் எழுத்து விளைந்தது. எல்லை காக்கப்பட்டதால் கிடைத்த விளைச்சல் அது. அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' எனத் தம் தொகுதிக்கு 1988இல் பெயரிட்டார். அம்மூலையில் கழிந்த பொழுதுகளோடு எழுதப்படாமற்போன கவிதைகள் எத்தனையோ. அவற்றைத் தொகுக்க எப்பதிப்பகத்தாலும் இயலாது.

ஆகவே, பத்து மணி என்னும் வாயில் மாறலாம், இடமும் மாறலாம். எட்டு மணி என்னும் வேலி நிற்றல் வேண்டும். இயலுமேல் இன்னும் உட்புறமாக நகர்தல் வேண்டும். வேலிக்கு வெளியே மிஞ்சும் பொழுது, இல்லத்தில் இருவர்க்கும் ஒத்த பங்காதல் வேண்டும். முதலிரண்டும் சட்டத்தால் ஆவன. மூன்றாவது சட்டத்தால் ஆகாது. அவரவர் வீட்டில் அவரவர் கையால் ஆவது.

இவ்வட்டமும் தன்னளவில் ஒன்று செய்யலாம். ஞாயிறு மாலை ஆறு மணி என்பது அலுவலகம் செல்லும் ஆடவர்க்கு வாய்ப்பான பொழுது. அடுக்களைக்கு ஞாயிறு இல்லை. கூட்டம் முடியுமுன் எழுந்து செல்லும் பெண் உறுப்பினர்களைக் கவிதையில் ஆர்வம் குன்றியவர் எனக் கருதுவது பிழை. கூடும் நேரத்தை அவர்களைக் கேட்டுக் குறித்தால், அடுத்த பத்தாண்டு மலரின் உள்ளடக்கப் பக்கத்திலேயே அதன் பயனைக் காணலாம்.