சிறைக்குள்ளும் ஓடும் காலக்கெடு



செஞ்சிக் கோட்டையில் செட்டிகுளத்துக்கு அருகே ஒரு பாறைக் குழியைக் ‘கைதிகள் கிணறு’ என்று காட்டுவார்கள். தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியில் சாகவிட்டார்கள் என்பது வாய்வழிச் செய்தி. இன்றைய கைதிக்கு முறையிட நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அதன் கதவு குறிப்பிட்ட தேதி வரைதான் திறந்திருக்கும். அந்தத் தேதியைப் பற்றியதே இக்கருத்தரங்கு.

பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷாவை 1968 ஜூன் 3 அன்று முசாபர்பூர் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் சிறையை விட்டு வெளியே வந்ததோ 1982 அக்டோபர் 16 அன்று. பதினான்கு ஆண்டுகள்! உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு, அரசு ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் தரச் சொன்னது. முழு இழப்பீடு கேட்டு அவர் தனியே சிவில் வழக்குப் போடத் தடையில்லை என்றும் சொன்னது. இழப்பீட்டுச் சட்ட வரலாற்றில் பெரிய தீர்ப்பு அது. ஆனால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. சட்டவிரோதச் சிறைவைப்புக்கு இழப்பீடு கேட்க, 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருவது சிறைவாசம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. தீர்ப்பு வந்தது 1983 ஆகஸ்ட் 1. மீதி இருந்தது இரண்டரை மாதம். அரசுக்கு முன்கூட்டியே தரவேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் காலத்தைச் சட்டம் கழித்துக்கொடுக்கும், உண்மைதான். அதைக்கூட ஒரு வழக்கறிஞர் எடுத்துச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

அவருக்காவது வெளியே வந்த பிறகுதான் கெடு தொடங்கியது. சிறைக்குள் அடிபட்டவருக்கு அடிபட்ட நாளிலிருந்தே தொடங்கிவிடும். காலவரம்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சிறாருக்கும் மனநலம் குன்றியோருக்கும் கெடுவைத் தள்ளிவைக்கிறது, கைதிக்கு இல்லை. இங்கிலாந்தின் 1623-ஆம் ஆண்டுச் சட்டம் சிறையில் இருப்போருக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்திருந்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் 5-ஆம் பிரிவும் மேல்முறையீட்டுக்கும் மனுவுக்கும்தான். புது வழக்குக்குப் பொருந்தாது. மனித உரிமை ஆணையமும் ஓராண்டு கடந்த புகாரை விசாரிக்க முடியாது.

கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தபோது உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கிலிருந்தே நீக்கியது. வீட்டுக்குள் இருந்தவர்களால் நீதிமன்றத்துக்கு வர இயலாது என்பதை அது சரியாகவே உணர்ந்தது. பூட்டிய அறைக்குள் இருப்பவருக்கும் அதே நியாயம் வேண்டும்.

நம் நாட்டில் குற்றவியல் மேல்முறையீட்டு மனுவைக் கைதி சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல், ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில், கைதி மனுவைச் சிறை அதிகாரியிடம் ஒப்படைத்த நாளையே தாக்கல் நாளாக ஏற்றது. சிவில் வழக்குக்கும் இங்கே அப்படி ஒரு விதி தேவை. காவலில் இருப்போருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அந்த வழக்கறிஞர்கள் முதல் சந்திப்பிலேயே சம்பவத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்வது இன்றே செய்யக்கூடியது.

6-ஆம் பிரிவில் கைதியைச் சேர்க்கும் திருத்த வாசகத்தை இரண்டு நாள் அமர்வு முடிவதற்குள் இந்த அவை எழுதித் தரவேண்டும். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.