அழிப்பதும் ஆக்குவதும்: காயமுற்ற தசையில் வெண்குழியங்களின் பணி

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எமது கொட்டாஞ்சேனை உடலுழைப்பை நம்பி வளர்ந்த ஊர். அருகே துறைமுகம், அதைச் சூழப் பண்டகசாலைகள். மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்த தோள்களின் வழிவந்தோர் நம்மிற் பலர். தேர்த் திருவிழா வந்தால் நாமும் வடம் பிடிக்கிறோம். அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. மறுநாட் காலையிலோ படி இறங்க முடியாமல் தொடை கடுக்கிறது. உடனே ஒருவர், "எண்ணெய் போட்டு நன்றாய் உருவு" என்பார். இன்னொருவர், "பாமசியில் ஒரு குளிசை வாங்கிப் போடு, வீக்கம் வற்றிவிடும்" என்பார். வீக்கமும் வலியும் விரட்ட வேண்டிய பகையா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

மிசன் பாடசாலையில் உயிரியல் கற்ற நாட்களில், வெண்குழியங்கள் கிருமிகளோடு பொரும் படை என்றே மனனஞ் செய்தோம். 1882ஆம் ஆண்டில் மெச்சினிக்கோவ் என்னும் ருசிய அறிஞர், இத்தாலியின் மெசீனா நகரில், நட்சத்திர மீனின் குடம்பியில் ஒரு முள்ளைக் குத்தி, அதைச் சூழ்ந்து மொய்த்த குழியங்களைக் கண்டார். 'தின்குழியம்' என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. நாம் கற்றது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கிருமி ஒன்றேனும் புகாத தசைக் கிழிவிலும் அப்படை வந்து சேர்கிறதே, அது ஏன்?

தசைநார் கிழிந்த சில மணி நேரத்துள் முதலில் வருபவை நடுநிலைநாடிகள். இவை சிதைந்த கூறுகளை அகற்றத் தொடங்குவதோடு, பின்வருவோரை அழைக்கும் இரசாயனச் சைகைகளையும் விடுகின்றன. அடுத்த இரண்டொரு நாளில் குருதியிலிருந்து வேறொரு வகை வெண்குழியங்கள் தசைக்குட் புகுந்து, பெருந்தின்குழியங்களாக மாறுகின்றன. இடிந்த வீட்டைக் கட்டுமுன் இடிபாட்டை அள்ள வேண்டுமல்லவா? அவ்வேலை இவற்றினுடையது.

அப்படியானால் புதிய நாரைக் கட்டும் கொத்தன் யார்? 1961இல் அலெக்சாந்தர் மௌரோ, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தவளையின் தசையை நோக்கியபோது, நாரின் மென்சவ்வுக்கும் வெளியுறைக்கும் இடையே சிறு கலங்கள் ஒட்டியிருக்கக் கண்டார். அவற்றைத் துணைக்கலங்கள் என்போம். உறங்கிக் கிடக்கும் இவை, காயம் பட்டதும் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய நார்களாகின்றன. இராம்குமார் சம்பாசிவனும் அவர்தம் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இக்கலங்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் காயமுற்ற தசை மீண்டும் வளரவில்லை.

துணைக்கலங்களை எழுப்பி வழிநடத்துவதில் பெரும்பங்கு கொள்வோர் யார் என்று பார்த்தால், இடிபாட்டை அள்ள வந்த அதே பெருந்தின்குழியங்களே! பரிசு மாநகரில் பெனடிக்ற் சசோட் அம்மையாரின் குழுவினர் 2007இல் இதனை எடுத்துக் காட்டினர். அழற்சியைத் தூண்டிக்கொண்டு வந்த குழியங்கள், சிதைந்த தசையைத் தின்ற பின்னர் குணம் மாறி, அழற்சியைத் தணித்து, புதிய நார் வளரத் துணை நின்றன. காயம் பட்ட வேளையிலேயே அக்குழியங்களை நீக்கியபோது தசை புதுப்பிக்கப்படவேயில்லை. பிந்திய நாட்களில் நீக்கியபோது நார்கள் மெலிந்தே வளர்ந்தன. 2021இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார், உயிருள்ள வரிக்குதிரை மீனில், பெருந்தின்குழியம் துணைக்கலத்தின் அருகே தங்கி அதைப் பெருகத் தூண்டுவதை நேரிற் கண்டனர்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் நின்று ஐந்தொழிலைச் சிந்திப்போருக்கு இது புதுமையாய்த் தோன்றாது. அழித்தலும் படைத்தலும் ஒருவனுடைய தொழில்களே என்பது நமது சமயத்தின் கொள்கை. இதனை விஞ்ஞானத்துக்குச் சான்றாகக் கூறவில்லை. விளங்கிக்கொள்ள ஓர் உவமையாகவே கூறுகிறோம்.

ஆயினும் படை எப்போதும் நன்மையே செய்யும் என்றும் எண்ணலாகாது. டூசென் தசைநலிவு நோயுள்ள சிறுவர்க்குத் தசை ஓயாது சிதைகிறது. அழற்சியும் ஓயாது நீடித்து, தசையின் இடத்தை வடுவும் கொழுப்பும் பிடிக்கின்றன. அங்கே அழற்சியைத் தணிக்கும் ஸ்ரீரொயிட் மருந்தே உதவுகிறது. படை செல்லும் வழி அடைபட்டாலும் கேடே. எமது நாட்டுக் கண்ணாடி விரியனின் நஞ்சு தசையைச் சிதைக்க வல்லது. விரியன் இன நஞ்சுகளால் நுண்குருதிக் கலன்களும் அழியும்போது, குழியங்கள் சென்று சேர இயலாமல் தசை குறைபட்டே ஆறுகிறது. ஆகவே வேண்டுவது, படை உரிய காலத்தில் வருவதும், உரிய காலத்தில் மாறுவதும், உரிய காலத்தில் விலகுவதுமாம்.

இனி அந்தக் குளிசையின் கதைக்கு வருவோம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 36 கிலோமீற்றர் ஓடியவர்களுள் அழற்சி தணிக்கும் மருந்து உண்டவர்களிடம், மற்றவர்களிடம் கண்டதுபோலத் துணைக்கலங்கள் பெருகவில்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், சிறு வலிக்கெல்லாம் நாட்கணக்கில் தாமாகவே குளிசை விழுங்குவது அறிவுடைமை அன்று. கொழும்பிலே டெங்கு உள்ள காலத்தில், காய்ச்சலோடு கூடிய உடல்வலிக்கு இத்தகைய குளிசை குருதிக்கசிவையே வருவிக்கலாம்.

ஆதலால் சகோதரர்களே, தசை கிழிந்தால் முதல் சில நாட்கள் அதை அழுத்தி உருவாதிருங்கள். பின்னர் மெல்ல மெல்ல அசைத்துப் பழக்குங்கள். கடும் உழைப்பின் பின்னோ பாம்பு கடித்த பின்னோ சிறுநீர் தேநீர் நிறமாய்ப் போனால், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிதைந்த தசையின் நிறப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது.

வலி, உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு ஓர் அறிவிப்பு. வேலையாட்களைத் துரத்திவிட்டு, வீடு ஏன் எழவில்லை என்று கேளாதிருப்போமாக.